சத்தம் போட்டு எழுதும் அறை

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். அங்கே போன வருடம் ஓர் எழுத்து மையம் திறந்தார்கள். மாணவர்கள் தங்கள் கட்டுரையையோ ஆய்வேட்டையோ கொண்டுவந்து, ஒருவரோடு உட்கார்ந்து பேசி, திருத்தி எழுதிக்கொள்ள ஓர் இடம். அதற்குப் பொறுப்பு நான். ஆண்டு மலருக்கு 'அறை உருவான விதம்' என்று ஒரு பக்கம் கேட்டார்கள். எழுத எழுத, ஷமா என்ற மாணவி உள்ளே வந்துவிட்டாள். ஒரு பக்கத்தில் அவளை அடக்க முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானம் கறுத்து, சிறுமலைப் பக்கமிருந்து ஈரக்காற்று'

இல்லை. அறை திறந்த அன்று நல்ல வெயில். கண்ணாடிச் சுவர் தொட்டால் சுட்டது. அதையே சொல்கிறேன்.

2

அறையை வடிவமைத்தவள் நாகஜோதி. திண்டுக்கல்லில் கல்யாண மண்டபங்களும் துணிக்கடைகளும் வடிவமைத்துப் பேர் வாங்கியவள். எழுத்து மையம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. (எனக்கு மட்டும் தெரியுமா என்ன.) நிர்வாகக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் மூன்று பக்கம் கண்ணாடி வைத்தாள். உள்ளே வெள்ளை வட்ட மேஜைகள். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை.

பதிவாளர் செபாஸ்தியம்மாளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "வர்றவங்க போறவங்க எல்லாரும் பாக்கணும்மா. நம்ம பிள்ளைக எழுதுறது தெரியணும்ல."

எல்லாரும் பார்த்தார்கள். அதுதான் வினையாகிப்போனது. உள்ளே உட்கார்ந்திருந்தால் எழுதத் தெரியாத ஆள் என்று வெளியே போகிறவன் நினைப்பான். கண்ணாடியைத் தட்டிக் கையாட்டுவான். அறைக்கு மீன்தொட்டி என்று பெயர் வைத்தார்கள். அதில் நான் ஒருத்திதான் மீன்.

செபாஸ்தியம்மாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பரீட்சை வரைக்கும் பாக்குறேன். ஆள் வரலைன்னா தேர்வுப் பிரிவுக்குக் குடுத்துருவேன்."

(முதல் வரைவில் இந்த இடத்தில் அவரைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். ஆனால் தேர்வுப் பிரிவின் விடைத்தாள் மூட்டைகள் தாழ்வாரத்தில் கிடந்து சாரலில் நனைந்துகொண்டிருந்தது நிஜம். அடித்துவிட்டேன்.)

3

ஷமா பேகம்பூர்க்காரி. சமூகவியலில் ஆய்வு மாணவி. திண்டுக்கல் பூச்சந்தைக்குப் பூ கொண்டுவரும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி. அவள் பேசினால் பூக்கூடை கண்முன் வந்து இறங்கும். எழுதினால் ஒன்றும் வராது. அவளுடைய நெறியாளர் ஒரே இயலை இரண்டு முறை திருப்பிவிட்டார். அந்த மாத முடிவுக்குள் அதை ஏற்கும்படி கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். நாலைந்து வருட உழைப்பு போய்விடும்.

ஒருநாள் கண்ணாடிக் கதவு வரை வந்தாள். பலகையைப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன்.

"ஏன்மா, உள்ள வராமலே போற?"

"மேம், நான் வாய்விட்டுப் படிச்சாத்தான் எனக்கு எழுத வரும். லைப்ரரில வெளிய அனுப்பிட்டாங்க. வீட்டுல படிச்சா, எங்க மாமி தன்னையத்தான் கூப்புடுறேன்னு நெனச்சு 'என்னம்மா, என்னம்மா'ங்குறாங்க. இங்க வந்தா அமைதி காக்கணும்னு போட்டிருக்கீங்க."

"நீ பேசு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வெளிய அம்புட்டுப் பேரு பாக்குறாங்களே மேம்." பஸ் வந்துவிட்டது. "நான் வாரேன்."

எங்கள் ஊரில் வாரேன் என்றால் போகிறேன் என்று பொருள்.

4

நாகஜோதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கோபித்துக்கொண்டாள். "அந்த ரூமை விருதுக்கு அனுப்பலாம்னு இருக்கேன்க்கா. நீங்க என்னடான்னா நொட்டை சொல்றீங்க."

அதற்குள் பதிவாளர் அவளிடமே விளக்கம் கேட்டுவிட்டார்: ஏன் ஆள் வரவில்லை, என்ன செய்யலாம், எழுதிக் கொடு. நேரில் வந்தாள். என்னிடம் பேனா வாங்கிக்கொண்டு, தான் வடிவமைத்த அறையில், தான் தேர்ந்தெடுத்த மேஜையில் எழுத உட்கார்ந்தாள்.

டீத் தட்டோடு போன ஒருவர் நின்று அவள் தாளைப் பார்த்தார். கையால் மூடிக்கொண்டாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் இரண்டு பேராசிரியர்கள். உதவலாம் என்று நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"எதிர்ல உக்காராதீங்கக்கா. வேலைக்கு ஆள் எடுக்குற மாதிரி இருக்கு."

பக்கத்தில் மாறி உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதிக் கிழித்தாள். இன்னொரு வரி, அதையும் கிழித்தாள். "எழுத வரலக்கா. செத்த நேரம் நான் சொல்றேன், கேளுங்க" என்று சத்தமாக ஆரம்பித்தவள், பலகையைப் பார்த்ததும் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

அந்தக் கணத்தில் அவள் உணர்ந்தாள், இடம் என்பது வெறும் சுவரல்ல, அது

(இப்படி எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவள் எதையும் உணர்ந்ததாகச் சொல்லவில்லை. "ஸ்க்ரூடிரைவர் இருக்காக்கா?" என்றுதான் கேட்டாள். பலகையைக் கழற்றினாள். அதற்கப்புறம் பேசினாள், பேசப்பேச எழுதியும் முடித்தாள்.)

5

அவள் எழுதிக் கொடுத்தது இதுதான்: கண்ணாடி அறையைத் தேர்வுப் பிரிவுக்கே கொடுத்துவிடுங்கள், கண்ணாடிக்குத் தாள் ஒட்டிக்கொள்ளட்டும். எழுத்து மையத்துக்கு, மூடிக்கிடக்கும் பழைய கேன்டீனைக் கொடுங்கள்.

"அங்கயா?" என்றார் செபாஸ்தியம்மாள். "சாம்பார் வாசம் அடிக்குமேம்மா."

"அடிக்கட்டும் மேடம். அங்க பேசுனா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றாள் நாகஜோதி.

அவர் ஜன்னல் வழியாகத் தாழ்வாரத்து மூட்டைகளைப் பார்த்தார். "சரி, எடுத்துக்கங்க."

கேன்டீனில் ஜன்னல்கள் தலைக்கு மேலே இருந்தன. சாப்பாட்டு மேஜைகள் நீளம், பெஞ்சில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். நாகஜோதி நடுவே புத்தக அலமாரிகளை நிறுத்தி இடத்தைப் பிரித்தாள். எதிரொலி அடங்கக் கனத்த துணி தொங்கவிட்டாள். வாசலை ஒட்டி ஒரு டீ மேடையை வைத்தாள். உள்ளே போகிறவள் டீக்குப் போகிறாளா, திருத்தப் போகிறாளா என்று இனி யாருக்கும் தெரியாது. அவள் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அந்த டீ மேடைதான்.

6

நான் சொல்லியனுப்ப, ஷமா வந்தாள். முதலில் கிசுகிசுத்தாள். "பூ வணிகத்தில் ஈடுபடும் மகளிரின் காலப் பயன்பாட்டு மேலாண்மையானது..."

நிறுத்தினாள். மறுபடி, கொஞ்சம் சத்தமாகப் படித்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு மேம் இது பேசுறது? சந்தையில ஒரு பொம்பள இப்புடிப் பேசுமா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டு, அடுப்படியில் யாரிடமோ கதை சொல்வதுபோலச் சொன்னாள்: "பூ வாடுறதுக்குள்ள பஸ்ஸு வரணும். அதுக்குத் தக்கனதான் அவங்க எந்திரிக்கிறது, சமைக்கிறது, பிள்ளைக்குப் பால் குடுக்கிறது எல்லாம்." குனிந்து எழுதினாள். எழுதியதைச் சத்தம் போட்டுப் படித்தாள். மறுநாளும் வந்தாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள்.

7

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன். ஒன்றில், தாமதமாகிவிடுகிறது. பதிவு ரத்து. காலி பெஞ்சில் ஆறிப்போன டீ. எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. துயரமாக முடித்தால் ஆழமாக முடித்த மாதிரி ஒரு தோற்றம் கிடைக்கிறது. ஆனால் நடந்தது அதுவல்ல. நடந்த நல்லதை மறைக்க எனக்கு மனமில்லை.

மாதக் கடைசியில் ஷமா ஓடி வந்தாள். "ஏத்துக்கிட்டாரு மேம்! 'இப்பத்தான் நீ பேசுற மாதிரி இருக்கு'ன்னாரு." பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். அழுகை முடிந்ததும் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாகஜோதிக்குப் போனில் சொன்னேன். "அந்தத் துணியை இன்னும் கொஞ்சம் இறக்கணும்க்கா, வந்து பாக்குறேன்" என்றாள்.

ஷமாவுக்கு இன்னும் வாய்மொழித் தேர்வு இருக்கிறது. அதையும் ஊகித்துச் சேர்த்து முடிக்கலாம் என்று, கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இரண்டு பெண்கள் தங்கள் அறிக்கையின் முதல் வரிக்காகச் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். எல்லா மேஜையிலும் ஆள். ஒருத்தி என்னைப் பார்த்து, "மேம், நீங்க முடிச்சுட்டீங்களா?" என்கிறாள்.

முடிக்கவில்லை. ஆனால் எழுந்துகொள்கிறேன். தேர்வில் என்ன கேட்பார்கள், ஷமா என்ன சொல்வாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டு.