சித்தப்பாவுக்கு எழுதிய விதி

பல் செட் கட்டுவது அவன் தொழில். நான்கைந்து பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கு மெழுகிலும் பிளாஸ்டரிலும் பல் வரிசை செய்து கொடுப்பான். யாருடைய வாய் என்று தெரியாவிட்டாலும் அது எந்தப் பக்கம் மெல்லும் வாய் என்று சொல்லிவிடுவான். அவ்வளவு கச்சிதம். அந்தக் கச்சிதம் பட்டறையோடு நிற்காமல் மற்ற விஷயங்களிலும் புகுந்ததுதான் வினையாகப் போயிற்று.

பட்டறைக்கு ஒரு மெயில் விலாசம் வேண்டுமே என்று தன் பெயரிலேயே சொந்தமாக ஒரு டொமைன் வாங்கியிருந்தான். பெயருக்கு முன்னால் எந்தச் சொல்லைப் போட்டு அனுப்பினாலும் மெயில் அவனுக்கு வந்துவிடும். அதனால் செருப்புக் கடைக்கு ஒரு விலாசம், காப்பீட்டுக்காரருக்கு ஒன்று, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஒன்று என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். எவன் தன் விலாசத்தை வெளியே விற்றாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் அல்லவா? செருப்புக் கடைக்குக் கொடுத்த விலாசத்துக்கு ஒரு நாள் வழுக்கைக்கு மருந்து என்று விளம்பரம் வந்தபோது அவன் துள்ளிக் குதித்ததைப் பார்த்து மனைவி சொன்னாள்: "நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட உங்க முகத்துல இவ்வளவு வெளிச்சம் பாக்கல."

ஒவ்வொரு குப்பைக்கும் ஒரு விதி எழுதினான். விதியில் சிக்கிய மெயில் நேராகக் குப்பைப் பெட்டிக்குப் போகும், முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். முதல் வருஷம் தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து, நல்லது ஏதாவது தப்பித் தவறி விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். பிறகு தன் விதிகள் மேல் நம்பிக்கை வந்து, பார்ப்பதை விட்டுவிட்டான்.

இந்த நேரத்தில்தான் சித்தப்பாவுக்கு டேப்லெட் வந்தது. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கும் வேலையில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வாங்கிக் கொடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் மெயில் அனுப்ப ஆரம்பித்தார். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், வெந்நீரின் நாற்பது நன்மைகள், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்ற மிரட்டல். ஒரு நாளைக்குப் பதினைந்துக்குக் குறையாது. கண்ணுக்குப் பயிற்சி என்ற ஒன்றையே ஒரு நாளில் நான்கு தடவை அனுப்பினார்.

அன்று மேல் வரிசைத் தகடு ஒன்று கையிலேயே விரிசல் விட்டிருந்தது. அந்த எரிச்சலில் இருக்கும்போது நான்காவது கண் பயிற்சி வந்து மணி அடித்தது. அவன் கை துடைத்துவிட்டு உட்கார்ந்து, சித்தப்பா அனுப்புவதெல்லாம் குப்பைக்குப் போகட்டும் என்று ஒரு விதி எழுதினான். அரை நிமிஷ வேலை. 'அனுப்பாதீங்க' என்று சொல்லி அவர் மனதை நோகடிப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

அதோடு விட்டானா? ஒரு கல்யாண வீட்டில் அண்ணனிடமும் மற்றவர்களிடமும், "சித்தப்பாவை வடிகட்டிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தான். அவர்களும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிறிது நேரத்தில் சித்தப்பாவே வந்து தோளில் கை போட்டார். அவனுக்கு அவர் வைத்த பெயர் பல்லு.

"என்னடா பல்லு, கண் பயிற்சி அனுப்பினேனே, பாத்தியா?"

"பாத்தேன் சித்தப்பா. ரொம்ப நல்லாருந்தது."

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஒரு புதன்கிழமை காலை, மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது சித்தப்பா மகள் போன் செய்தாள். அவனுக்குத் தங்கை முறை. அவள் குரலில் வழக்கமான குழைவு இல்லை.

"அண்ணா, அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஒன்பது நாளாச்சு. நீ வருவேன்னு பாத்தோம்."

"ஆபரேஷனா? என்ன ஆபரேஷன்? என்கிட்ட யாருமே சொல்லலையே!"

"அப்பா உனக்கு எழுதினாரே. மூணு தடவை எழுதினேன்னாரு. நான் போன் பண்றேன்னு சொன்னதுக்கு, வேண்டாம், அவன் தானா வருவான்னுட்டாரு. மத்த சொந்தக்காரங்க யாருக்கும் சொல்ல விடல. தொண்டையில கட்டி. குரல்வளையையே எடுத்துட்டாங்கண்ணா. இனிமே அவரால பேச முடியாது."

மெழுகு தீய்ந்து நாற்றம் வந்தபோதுதான் அடுப்பை அணைத்தான். குப்பைப் பெட்டியைத் திறந்தான். ரோஜாப்பூக்களுக்கும் வெந்நீருக்கும் நடுவில் மூன்று மெயில்கள் தலைப்பில்லாமல் இருந்தன.

முதலாவது இப்படி ஆரம்பித்தது: "டேய் பல்லு, இது வேற யாரோ எழுதினது இல்ல, நானே எழுதறது. தொண்டையில் இருப்பது கெட்ட கட்டியாம். பதினாலாம் தேதி எடுக்கிறார்கள். அதோடு குரலும் போய்விடும். எனக்கு ஒரு உதவி செய். அதற்கு முன்னால் ஒரு நாள் வந்து என் பேச்சைப் பதிவு பண்ணிக் கொடு. தங்கச்சிக்கு இன்னும் மூணு மாசத்தில் பிரசவம். தாத்தா குரல் எப்படி இருக்கும் என்று குழந்தைக்குத் தெரியணும். அவளைப் பதிவு பண்ணச் சொன்னால் அழுவாள், அவள் அழுதால் எனக்குப் பேச்சு வராது. உனக்குத்தான் இந்த மெஷின் சமாசாரம் தெரியும். போனில் சொல்லலாம் என்றால் என் கரகரப்பு யாருக்கும் புரிவதில்லை."

இரண்டாவது: "பேச வேண்டியதைப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது."

அதற்கு அடுத்த நாள், சிரித்தால் ஆயுள் கூடும் என்று ஒரு மெயிலை எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்.

மூன்றாவது பதின்மூன்றாம் தேதி மாலையில் எழுதியது: "உனக்கு வேலை இருந்திருக்கும். பரவாயில்லை. கவலைப்படாதே."

அவன் கை கழுவக்கூட இல்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

சித்தப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, அதற்குள்ளிருந்த துளை வழியாக மூச்சு புஸ்ஸென்று வந்து போய்க்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்திலிருந்த சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து, "வந்துட்டியா" என்று எழுதிக் காட்டினார். மகள் ஜன்னலோரம் வயிற்றைத் தாங்கியபடி நின்றாள்.

வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"மெயில் எதுவுமே வரல சித்தப்பா. ஏதோ கோளாறு போல."

சித்தப்பா யோசித்தார். அழித்துவிட்டு எழுதினார்: "நான்தான் விலாசத்தைத் தப்பா அடிச்சிருப்பேன்."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். டேப்லெட்டைத் திறந்து, அவன் விலாசத்தை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். ஒரு முறை, பிறகு மறுபடியும். தப்பு அகப்படவில்லை. மகளை ஒரு தரம் பார்த்துவிட்டு, காது மடல் சிவக்க, பலகையில் கிறுக்கினார்: "ஊர்க் கடிதத்தையெல்லாம் ஒழுங்கா சேத்தேன். என் கடிதத்தைச் சேக்கத் தெரியல." டேப்லெட்டை அவன் பக்கம் நீட்டினார், நீயே கண்டுபிடி என்பது போல.

அவன் செய்த காரியத்துக்கு அவர் கூசிக்கொண்டிருந்தார். அதை அவனால் தாங்க முடியவில்லை.

"விலாசம் சரிதான் சித்தப்பா. எல்லாமே வந்தது. நான்தான்... நீங்க அனுப்பறதெல்லாம் குப்பைக்குப் போற மாதிரி பண்ணி வெச்சிருந்தேன்."

"குப்பைக்குன்னா?" என்றாள் தங்கை.

"பாக்காமலே போயிடும். இன்னைக்குத்தான் எடுத்துப் பாத்தேன்."

"அப்பா எழுதினதை குப்பைன்னு போட்டியாண்ணா?"

சித்தப்பா பலகையை விரல் முட்டியால் தட்டும் சத்தம் கேட்டுத்தான் அவன் நிமிர்ந்தான். "எப்ப இருந்து?"

"ரெண்டு வருஷமா."

சித்தப்பா மெதுவாக அழித்தார். மெதுவாக எழுதினார். "கண் பயிற்சி நல்லாருந்ததுன்னியே."

"பொய் சொன்னேன் சித்தப்பா."

அவர் பேனாவுக்கு மூடி போட்டார். பலகையைப் போர்வை மேல் கவிழ்த்து வைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபத்தில் நாலு வார்த்தை திட்டக்கூட அவருக்கு இப்போது குரல் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நீ கிளம்புண்ணா" என்றாள் தங்கை.

வீட்டுக்கு வந்து அந்த விதியை அழித்தான். மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னான். 'இப்படியா பண்ணுவீங்க' என்று அவள் கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறுதோறும் சித்தப்பா வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். கழுத்துத் துணியை மாற்றவும், மருத்துவரிடம் அழைத்துப் போகவும் கூட நின்றான். சித்தப்பா விரட்டவில்லை. பலகையில் வெயிலைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் எழுதுவார். அதற்கு மேல் இல்லை. அவர் குரல் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தான். ஒரு கல்யாண வீடியோவில், "யாருப்பா அது, நடுவுல நிக்காதீங்க" என்று அவர் கத்துவது மட்டும் கிடைத்தது. அதைச் சுத்தம் செய்து தங்கையிடம் கொடுத்தான். கேட்டுவிட்டு, "இது போதாதுண்ணா" என்றாள். "தெரியும்" என்றான்.

பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் கழித்து எல்லாரும் கூடியிருந்த ஒரு மத்தியானம், சித்தப்பா தன் அலமாரியிலிருந்து, பதிவுக்காக எழுதி மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டி, தொட்டிலைக் காட்டினார். மாப்பிள்ளை தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். அவன் கதவோரம் நின்றிருந்தான்.

"கண்ணு, நான் உன் தாத்தா பேசறேன். என் குரல் கொஞ்சம் தகரத்தைத் தட்டற மாதிரிதான் இருக்கும், பயந்துடாதே." எல்லாரும் சிரித்தார்கள். "இதைப் பதிவு பண்ணிக்கிட்டு என் எதிர்ல உட்கார்ந்திருக்கறது உன் பல்லு மாமா. கெட்டிக்காரன். நான் கூப்பிட்டதும் ஓடி வந்துட்டான்."

மாப்பிள்ளை சட்டென்று நிறுத்தினார். அந்த வரியைக் கோடு போட்டு அடித்திருக்கலாம். சித்தப்பா அடிக்கவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று யாருக்கும் தெரியாது, கேட்கும் துணிச்சலும் யாருக்கும் இல்லை. அவன் முகம் எரிந்தது. அங்கிருந்து போய்விடலாமா என்று கால் துடித்தது. ஆனாலும் நின்றான். சித்தப்பா அவனைப் பார்க்காமல், மேலே படி என்று மாப்பிள்ளைக்குக் கை காட்டினார். மீதி இரண்டு பக்கத்தையும் அவன் நின்றபடியே கேட்டான்.

சித்தப்பா இப்போது நன்றாக இருக்கிறார். பழையபடி தினமும் பதினைந்து மெயில் அனுப்புகிறாராம், அண்ணன்தான் அலுத்துக்கொண்டு சொன்னான். தங்கைக்கும் வருகிறது, தூரத்துச் சொந்தங்களுக்கும் வருகிறது. அவனுக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை. அனுப்புங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.