ஒன்பதாம் படி

1
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் சிரித்த ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லாததால் எழுதுகிறேன்.

‘மாளிகைத் தோட்டத்தில் பூக்கள் அன்று’ (வேண்டாம். நான் தோட்டத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.)

2
அந்தப் பழைய மாளிகையை வருடத்தில் ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். வழிகாட்டிக்கு அன்று வாய் ஓயாது. மாடிப்படியில் ஒன்பதாவது மட்டும் இரண்டு மடங்கு அகலம்.* அங்கே நின்று, “இந்தப் படி கட்டுன அன்னிக்கு கொத்தனார் ஃபுல் மப்பு” என்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். பன்னிரண்டு வருட ஜோக், அவரே கட்டிவிட்டது.

*நான் அளக்கவில்லை. வழிகாட்டி சொன்னதுதான்.

3
நான் போயிருந்த வருடம் காலைக் கூட்டத்தில் ஒரு அம்மா சிரிக்கவில்லை. மற்றவர்கள் மேலே போகும்வரை நின்றார்.

“தம்பி, இது எங்கப்பா கட்டினது. அவர் குடிச்சதே இல்ல. இங்க இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு மூச்சு வாங்கும். பாதியில உக்காந்துக்கட்டும்னு அகலமா விட்டாரு.”

வழிகாட்டியின் முகம் செத்துவிட்டது. “மன்னிச்சிடுங்கம்மா. அடுத்த கூட்டத்துக்குச் சரியாச் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. கீழ நின்னு கேட்டுட்டுப் போறேன்.”

(அந்த அம்மா கண் கலங்கியதாக முதலில் எழுதியிருந்தேன். பொய். கைப்பையை இடுக்கிக்கொண்டு இறங்கினாராம், அவ்வளவுதான்.)

4
அடுத்த கூட்டத்தில் நாற்பது பேர். நானும் ஒருவன். சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வழிகாட்டி ஏறினார். ஒன்பதாம் படியில் திரும்பினார். நாற்பது முகங்கள் அண்ணாந்தன. பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே.

சிரிப்பு அடங்கும்போது கீழே வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“நாக்குல சனி, சார்” என்று சாயங்காலம் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார்.

5
முடிவு அ: வழிகாட்டி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார். (ஓடினார். பஸ் போய்விட்டது.)

முடிவு ஆ: மறு வருடம் அந்த அம்மா வந்து (எதற்கு வரவேண்டும்?)

இப்போது வழிகாட்டி சரியாகத்தான் சொல்கிறார். யாரும் சிரிப்பதில்லை. “ஓ” என்று நகர்ந்துவிடுகிறார்கள். கேட்கவேண்டியவர் கீழே இல்லை.

நீங்கள் போனால் அந்தப் படியில் கொஞ்சம் உட்காருங்கள். அங்கிருந்து வாசற்கதவு தெரியும். அந்த அம்மா உள்ளே வந்தால் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.