ஏற்கெனவே தொட்ட மூக்கு

பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு முகங்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது முகமாவது அவள் திரையில் வந்து போகும். பருவைத் துடைப்பாள், மூக்குக்கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தை எடுப்பாள், கோணல் காலரை நேராக்குவாள். மூக்கில் மட்டும் கை வைக்க மாட்டாள். மூக்கைத் தொட்டால் ஆளே மாறிப்போகும்.

அவளுடைய சொந்த மூக்கின் நடுவில் ஒரு மேடு இருந்தது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கிளி என்று பேர் வைத்தார்கள். வைத்தவர்கள் மறந்து போனாலும் பேர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு நாள், இனி இதோடு குடித்தனம் நடத்த முடியாது என்று கிளி முடிவு செய்தாள்.

முதலில் அக்காவிடம் சொன்னாள். கிளியைவிடப் பத்து வயது மூத்தவள்; இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் இருந்தாள்.

"மூக்கு மூச்சு விடத்தானே? அது நல்லா விடுதுல்ல?" என்றாள் அக்கா.

"பதினஞ்சு வயசுலேர்ந்து நினைச்சுட்டிருக்கேன்க்கா."

"வேண்டாம்." அக்கா வேறு ஒன்றும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் அரை மணி நேரம் பேசுகிறவள் ஒற்றை வார்த்தையில் நிறுத்தியது கிளிக்கு விநோதமாக இருந்தது.

பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவசரமே படாதவர். கிளி நிரப்பிக் கொடுத்த படிவத்தை வரிவரியாகப் படித்தார். புகை பிடிப்பீங்களா, ரத்தம் சீக்கிரம் உறையுமா, தினம் என்ன மாத்திரை, ஏன் இப்போ, யாராவது செய்யச் சொன்னாங்களா என்று கேட்டுக்கொண்டே போனார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூஞ்சியப் பாப்பீங்க?"

"என்னோடதா, மத்தவங்களோடதா?"

டாக்டர் சிரித்தார். ஐந்து கோணங்களில் படம் எடுத்தார்கள். பிறகு கிளியின் தலையைப் பின்னால் சாய்த்து, சின்ன விளக்கை மூக்குக்குள் காட்டினார். விளக்கு ஓர் இடத்தில் நின்றது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போய் அதே இடத்தில் நின்றது. அதற்கப்புறம் அவர் விரல்கள் மூக்கை விட்டுவிட்டு வலது காதின் பின்பக்கத்தைத் தடவின.

"படிவத்துல ஆபரேஷன் எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"மூக்கை எங்க பண்ணீங்க?"

"பண்ணத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்."

டாக்டர் இரண்டு கண்ணாடிகளை எடுத்து ஒன்றை அவள் கையில் கொடுத்தார், இன்னொன்றைப் பின்னால் பிடித்தார். காதும் தலையும் சேரும் மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு. நாற்பத்திரண்டு வருடமாகத் தலை வாரிக்கொண்டவள் அதைப் பார்த்ததே இல்லை.

"இங்கேர்ந்து குருத்தெலும்பு எடுத்து மூக்கு மேல வச்சுத் தைச்சிருக்காங்க. அந்த மேடு உங்களோடது இல்ல. யாரோ வச்சது."

"எப்போ?"

"ரொம்பப் பழசு. உங்ககூடவே வளர்ந்த தழும்பு. அஞ்சு வயசு இருக்கலாம். அதுதான் எனக்குப் புரியல. வளர வேண்டிய மூக்கை யாரும் தொட மாட்டாங்க. அடிபட்டுச்சுன்னா எலும்புல தெரியும். உங்க எலும்புல ஒரு கீறல்கூட இல்ல." டாக்டர் கண்ணாடியை மேசையில் வைத்தார். "ஒரு தடவை தொட்ட மூக்கைத் திரும்பத் தொடறது கஷ்டம். வீட்ல கேட்டுட்டு வாங்க. இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

நகரத்தின் மறுகோடியில் இருந்த இன்னொரு டாக்டரிடம் கிளி வாயே திறக்கவில்லை. அவர் விளக்கைக் காட்டிய இரண்டாவது நிமிடம், "முதல் தடவை செஞ்சவர் யாரு?" என்று கேட்டார்.

மறுநாள் மதியம் மருந்துக்கடைக்குப் போனாள். அக்கா மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளி காது மடலை முன்னால் மடித்துக் காட்டினாள். அக்கா குனிந்து பார்க்கவில்லை. எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தாள்.

"எனக்கு அம்மை போட்டிருந்துச்சுன்னு சொல்லுவீங்களே," என்றாள் கிளி. "கண்ணைக் கட்டி இருட்டு ரூம்ல படுக்க வச்சிருந்தீங்களே. அதுவா?"

"அதுதான்."

"சொல்லுக்கா."

"நம்ம பாப்பா, என் தங்கச்சி, நாலு வயசுல காணாம போயிட்டா. பஸ் நிலையத்துல. அம்மா டிக்கெட் எடுத்துட்டுத் திரும்பினா ஆளக் காணோம். பதினோரு மாசம் தேடினோம். அப்புறம் ஏதோ ஊர்ல ஒரு அநாதை விடுதியில அந்த மாதிரி ஒரு குழந்தை இருக்குன்னு தகவல் வந்துச்சு. அம்மா மட்டும் போயி உன்னைக் கூட்டிட்டு வந்தா."

"என்னை."

"உன்னை. அப்பா பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். 'இது பாப்பா இல்லம்மா, மூக்கு வேற மாதிரி இருக்கு'ன்னு. எனக்குப் பதினஞ்சு வயசுடி. வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியல."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி இருமல் மருந்து கேட்டார்கள். காலடிச் சத்தம் தள்ளிப் போனது.

"அம்மா என்னைத் திட்டக்கூட இல்ல. அடுத்த வாரம் உன்னைத் தூக்கிட்டு எங்கயோ போனா. பாப்பாவோட படம் ஒண்ணே ஒண்ணுதான் வீட்ல இருந்துச்சு. அதையும் எடுத்துட்டுப் போனா. திரும்பி வரும்போது உன் முகம் பூரா கட்டு. கட்டைப் பிரிச்ச அன்னைக்கு என்னை உன் முன்னாடி நிறுத்தி, 'இப்போ சொல்லு, யாரு இது'ன்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

"பாப்பான்னு சொன்னேன். பயத்துல சொன்னேன். போகப் போக நெசமாவே நீதான் பாப்பா ஆயிட்டே."

கிளி மூக்கின் மேட்டைத் தொட்டாள். "அவளுக்கு இப்படி மேடு இருந்துச்சா?"

"படம் எடுக்கறதுக்கு முந்தின நாள் அவ படிக்கட்டுல விழுந்திருந்தா. மூக்கு வீங்கியிருந்துச்சு. நாலு நாள்ல வடிஞ்சு போச்சு. ஆனா காணாம போனப்புறம் எங்க எல்லாருக்கும் அந்தப் படம்தானே இருந்துச்சு. பதினோரு மாசம் அதையேதான் பாத்துட்டிருந்தோம்."

"அப்போ அவளோட நெசமான மூக்கு எப்படி இருந்துச்சு?"

"தெரியல கிளி. யோசிச்சா உன் மூக்குதான் வருது."

நான் அவளாகவும் இருக்கலாம், என்று கிளி நினைத்தாள். வீங்காத மூக்கோடு திரும்பி வந்த அதே குழந்தையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்," என்றாள் அக்கா.

"இல்லைன்னு வந்தா நான் எங்க போறது?"

கிளி ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த சந்திப்பில் டாக்டர் கணினியில் அவள் படத்தைத் திறந்து, மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். "இது ஒரு மதிப்பீடு. இப்படியேதான் வரும்னு வாக்குக் கொடுக்க முடியாது," என்றார். திரையில் ஒரு பெண் வந்து நின்றாள். கிளி அவளை எங்கும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெண் கிளியைத் தெரிந்தவள் போலப் பார்த்தாள்.

"இப்போவும் வேணும்னு நினைக்கிறீங்களா? யோசிச்சுச் சொல்லலாம்."

"மேல வச்சதை மட்டும் எடுத்துடுங்க டாக்டர். புதுசா எதுவும் வேண்டாம்."

தலைவலி மாத்திரையை இரண்டு வாரத்துக்கு நிறுத்தச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும், தலை வழியாகக் கழற்றாத சட்டை போட வேண்டும், திரும்ப அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும். அக்கா வந்தாள். கண்ணைச் சுற்றி நீலம் பாரிக்கும் என்றார்கள், பாரித்தது. வாயால் மூச்சு விட வேண்டியிருக்கும் என்றார்கள், அதுவும் நடந்தது. கட்டோடு அக்கா வீட்டில் எட்டு நாள் இருந்தாள். அம்மாவிடம், சைனஸுக்கு ஏதோ சின்ன ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபத்தேழு வயது, கண்ணும் காதும் நினைவும் கத்தி மாதிரி இருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

அம்மா எழுந்து வந்து ஒற்றை விரலால் அவள் மூக்கை மேலிருந்து கீழ்வரை வருடினாள். விரல் எங்கும் தடங்கவில்லை.

"வந்த அன்னைக்கு இப்படித்தான் இருந்தே," என்றாள்.

அம்மா அவள் தோளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போக யாராவது வந்திருக்காங்களா?"

"யாரும் வரலம்மா. நான் மட்டும்தான்."

"சரி," என்று சொல்லிவிட்டு அம்மா போய் வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளையும் கீழ்த்தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு வந்து உட்கார்ந்து மிச்ச பீன்ஸை நறுக்கினாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. கிளியும் கேட்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் பகலிலும் கதவு தாழிட்டே இருந்தது. வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் ஆகும், அதுவரை முகம் மாறிக்கொண்டே இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியே மாறியது. வேலை முடிந்து வந்து கிளி மணியை அழுத்துவாள். கதவில் இருக்கும் சின்னத் துளையின் அந்தப் பக்கம் வெளிச்சம் மறையும். அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் மாதம் கதவு திறக்க ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. ஆறாம் மாதம், மாடிக்குப் போகிறவர்கள் அவளைத் தாண்டிப் போய் எதையோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், முகத்தை நேராக வைத்துக்கொண்டு, தாழ்ப்பாள் விலகும் சத்தத்துக்காக.