எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு உச்சி

1

இந்தக் கதை ஒரு துண்டுச் சீட்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் கூடத்தில் இரண்டடி நீளக் கடல்மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் விளக்கைப் போடவும் அணைக்கவும் பக்கத்தில் ஒரு டைமர். அந்த டைமரின் மேல் என் மனைவி கையால் எழுதி ஒட்டிய சீட்டு: "உச்சி – 7". தொட்டிக்குள் நடுப்பகல் மாலை ஏழு மணிக்கு என்று அர்த்தம்.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"கடல் எங்கள் வீட்டுக்கு நான்கு வாளிகளில் வந்து சேர்ந்த அன்று" (பொய். உப்பு பையில் வந்தது. தண்ணீர் எங்கள் வடிகட்டியில் பிடித்ததுதான்.)

"அவள் போய் மூன்று மாதம் ஆகிறது." (உண்மை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வீர்கள். அவளுக்கு அது பிடிக்காது.)

"ஏன் ஏழு?"

இது இருக்கட்டும்.

2

அவள் ஃபிரிட்ஜ் மெக்கானிக். குளிர்ச்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது, இங்கே இருக்கிற சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் தன் தொழில் என்பாள். நான் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தவிர உலகத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

தொட்டி அவளுடையது. தண்ணீர் இருபத்தைந்து, இருபத்தாறு டிகிரியில் நிற்க வேண்டும். குறைந்தால் ஹீட்டர் தானே போட்டுக்கொள்ளும். ஏறினால் தண்ணீர் மேல் காற்றடிக்கிற குட்டி விசிறி ஓடும். விளக்கு பழைய ரகம், வெளிச்சத்தோடு சூட்டையும் கக்கும். உள்ளே ஒரு ஆரஞ்சுப் பட்டை மீன், பெயர் இன்ஸ்பெக்டர். மூலைக்கு மூலை போய் விசாரித்துவிட்டு வரும். அப்புறம் விரல் விரலாக அசையும் பழுப்புப் பவளம் ஒன்று. யாராவது லேசாகத் தொட்டுவிட்டால் சுருங்கி உள்ளே போய், அரை நாள் வெளியே வராது. அதற்கு அவள் வைத்த பெயர் நாத்தனார்.*

* என் அக்காவுக்கு இது தெரியாது. வந்தபோதெல்லாம் தொட்டியில் அதைத்தான் ரொம்ப நேரம் பார்ப்பாள். எவ்வளவு அழகு, இதுக்குப் பேர் இருக்கா என்று ஒருமுறை கேட்டாள். நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் சமையலறைக்குப் போய்விட்டோம்.

3

மாலை நான்கு மணிக்குத் தொட்டியில் நீல வெளிச்சம் எட்டிப் பார்க்கும். ஐந்தரைக்கு வெள்ளை. ஏழுக்கு முழு வெயில். நான் ஆறே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைவேன். இரண்டு நாற்காலி, இரண்டு தம்ளர் டீ, அரை மணி நேரம். "என்னங்க, உங்க வண்டியெல்லாம் நேரத்துக்குப் போச்சா?" என்று அவள் கேட்பாள். "இன்று என் இதயம் மட்டும் சற்றுத் தாமதமாக" என்று நான்

இந்த இடத்தில் கையெழுத்துப் பிரதியைப் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"அப்பா, நீங்க இப்படிப் பேசினதே இல்ல."

"கதைம்மா."

"அம்மா படிச்சா சிரிச்சுச் சிரிச்சு புரையேறிடும். அடிங்க."

அடித்துவிட்டேன். உண்மையில் நான் சொல்வது, "பதினாலாம் நம்பர் லேட்." அவள் சொல்வது, "அது என்னைக்கு நேரத்துக்கு வந்துது?"

(இந்தக் கதையில் அவளை ரொம்ப நல்லவளாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே பதிவுசெய்கிறேன்: மீனுக்குத் தீனி ஒரு சிட்டிகை கூடிவிட்டால் இரண்டு நாள் என்னோடு பேச மாட்டாள். எங்கள் சொந்த ஃபிரிட்ஜின் கதவை எட்டு வருடம் ரப்பர் பட்டை போட்டுத்தான் மூடினோம்.)

4

அவள் போன பிறகு ஏழு மணியைத்தான் என்னால் சமாளிக்க முடியவில்லை. மற்ற நேரமெல்லாம் எப்படியோ ஓடிவிடும். ஏழு மணிக்கு மட்டும் பக்கத்து நாற்காலி மேல் அந்த வெயில் வந்து விழும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைமரைத் திருப்பினேன். ஊருக்கெல்லாம் எப்போது பகலோ தொட்டிக்கும் அப்போதே பகல். காலை ஒன்பதுக்கு விடியட்டும், நான் வீடு திரும்பும்போது இருட்டியிருக்கட்டும். ஒரு வண்டியின் நேரத்தை மாற்றுவதுபோலத்தான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் வெயில் கொளுத்தியது. வீட்டுக்குள் வந்து பார்த்தால் தண்ணீர் முப்பத்தொன்றைத் தாண்டியிருந்தது. விசிறி மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. இன்ஸ்பெக்டர் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். நாத்தனார் ஒரு விரல்கூட வெளியே இல்லாமல், ஓரமெல்லாம் வெளுத்துப்போய்

(இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை முயன்றேன். வெளுத்துப்போய் இருந்தாள். அவ்வளவுதான்.)

அவள் என்னிடம் விட்டுப்போன உயிர்கள் இரண்டு. இரண்டையும் ஒரே வாரத்தில் வேகவைத்துவிட்டேன்.

5

தொட்டி மீன் விற்கும் கடைக்காரர் போனை எடுத்ததும் முதலில் கேட்டது, ஐஸ் போட்டீர்களா என்றுதான். கையில் ஐஸ் தட்டோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். கீழே வைத்தேன்.

"மெதுவா இறக்கணும் சார். ராத்திரிக்குள்ள ரெண்டு டிகிரி போதும். விளக்கைப் போடாதீங்க, மூடியை எடுங்க, மேஜை விசிறி இருந்தா அதையும் திருப்பி வைங்க. தண்ணி மட்டம் குறையும். வடிகட்டின நல்ல தண்ணியா ஊத்துங்க, உப்புத் தண்ணி ஊத்திடாதீங்க. தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு உள்ளேயேதான் இருக்கும்."

மறுநாள் நேரிலும் வந்து பார்த்தார். பவளம் பிழைக்குமா என்று கேட்டேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அதுவரை விளக்கைப் பாதிக்குக் குறைத்துவிடச் சொன்னார். பிறகு டைமரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா சும்மாவா சார் ஏழு மணிக்கு வச்சாங்க? இந்தக் கூடம் மேற்கு வெயில்ல கொதிக்குது. அந்த நேரத்துல இந்த விளக்கும் எரிஞ்சா தண்ணி தாங்குமா? அதான் பகல்ல தூங்க வச்சுட்டு, சாயங்காலம் எழுப்பிவிட்டாங்க."

நியாயம்தான். டைமரை அன்றே பழையபடி ஏழுக்குத் திருப்பிவிட்டேன். சூட்டை எங்கே கொட்டுவது என்று தெரிந்தவள், எப்போது கொட்டுவது என்றும் தெரிந்து வைத்திருந்தாள். ஆனால் நான் பதினோரு வருடமாக அந்த ஏழு மணி எனக்காக வைத்தது என்று நினைத்து உள்ளுக்குள் மிதப்பாக இருந்தவன். அவளிடம் கேட்டதில்லை, கேட்டால் மிதப்பு தெரிந்துவிடும் அல்லவா? கடைசியில் நான் மேற்குச் சுவருக்கு அடுத்தபடிதான் போலிருக்கிறது.

6

மகளுக்கு இதில் சிக்கலே இல்லை. "ரெண்டும்தான் இருக்கும். ஏன் ஒண்ணுதான் இருக்கணும்?" என்கிறாள்.

அட்டவணை போடுகிறவனுக்கு அது போதாது. சூடுதான் காரணம் என்றால், எங்கள் கூடம் ஆறுவதே ஒன்பது மணிக்குத்தான். உச்சியை ஒன்பதுக்கு வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஏழு ஏன்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொட்டி வந்த புதிதில் ஒரு வருடம் எனக்கு இரண்டாவது ஷிப்ட். வீட்டுக்கு வர ஒன்பதாகும். அப்போது உச்சி எத்தனை மணிக்கு? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகத்தில் நாற்காலி இருக்கிறது, டீ இருக்கிறது, முழு வெயிலும் இருக்கிறது. கடிகாரம் மட்டும் இல்லை.

டைமரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "உச்சி – 7" கொஞ்சம் தடிப்பாக இருந்தது. அதன் அடியில் இன்னொரு சீட்டு.

7

முடிவு ஒன்று: அடியில் ஒன்பது இருக்கிறது. என் ஷிப்ட் மாறியபோது அவள் சூரியனையும் மாற்றி ஒட்டியிருக்கிறாள்.

முடிவு இரண்டு: அடியிலும் ஏழுதான், மை மங்கியதால் மறுபடி எழுதியிருக்கிறாள். மேற்குச் சுவர் வென்றது.

முடிவு மூன்று: ஏதோ மெக்கானிக் கணக்கு. எனக்கோ உங்களுக்கோ புரியாத

"பிரிச்சுப் பாத்துடலாமேப்பா," என்றாள் மகள்.

ஓரத்தில் நகத்தை வைத்தேன். பழைய பசை, லேசாகக் கிளம்பியது. அதே நேரம் தொட்டியில் உச்சி வந்தது. விளக்கு பாதிதான், மேகமூட்டமான உச்சி. மகள் இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்பா, உங்க அக்கா எட்டிப் பாக்கறாங்க," என்றாள். வெளுத்த ஓரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, அரிசி அளவுக்குப் பழுப்பு விரல்கள். கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இன்ஸ்பெக்டர் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

கிளம்பின ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டேன்.

இதற்கு மேல் என் நகத்தால் ஆகாது. உங்களில் யாருக்காவது தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வீட்டுக்கு வாருங்கள். டைமர் அங்கேயேதான் இருக்கிறது, பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாற்காலி இன்னொன்று போட்டு வைக்கிறேன். மத்தியானத்தில் வர வேண்டாம், அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.