முதுகு சாரும் ஒரு சுவரும்

கையால் பேசுகிறவர்கள் யாரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆளைப் பார்த்ததும் கண்ணில் படுகிற ஏதோ ஒன்றைப் பிடித்து, கையாலேயே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். வைத்தால் வைத்ததுதான். பின்னல் என்று பெயர் வாங்கியவள் கல்லூரிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். பெயரை வெட்ட முடியவில்லை. அவளுக்கு மொழிபெயர்க்க வரும் அக்கா, எங்கே போனாலும் முன்கூட்டியே வந்து நின்று மணிக்கட்டைப் பார்ப்பவர். அவர் கடிகாரம். கட்டுமானப் பாடம் எடுக்கும் பேராசிரியருக்கு வைத்த பெயர் முதுகு.

சும்மா வைக்கவில்லை. மனிதர் பாடத்தில் புலி. ஆனால் மூன்று வருஷமாக அவர் பாடம் நடத்தியதென்னவோ கரும்பலகைக்குத்தான். படம் போட்டபடியே பேசுவார், பேசியபடியே அழிப்பார், அழித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். காது கேட்கிற பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. காது கேட்காத பின்னலும் அவள் கூட்டாளிகளும் மட்டும், அவர் சட்டையில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று சொல்லும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார்கள்.

கடிகாரம் கறாரான ஆள். மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் உதவி மையத்தில், முதல் நாளே பின்னலை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "நான் உனக்குத் துணைக்கு வரல. குரலா வரேன். அங்க யார் எது பேசினாலும் உன் கண்ணுக்கு வரும். நீ கையால எது சொன்னாலும் என் வாயில வரும். நல்லதும் வரும், கெட்டதும் வரும். என்ன சொல்லணும்னு பார்த்துக்கிறது உன் பொறுப்பு. அப்புறம், எனக்கு உன் பாடம் தெரியாது. பாடத்துல வர்ற சொல்லுக்கெல்லாம் முன்னாடியே கையில எப்படிச் சொல்றதுன்னு நீதான் எனக்குச் சொல்லித்தரணும்."

பின்னல் தன் பங்கைக் குறை வைக்காமல் செய்தாள். வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து புதுச் சொற்களுக்கெல்லாம் கைச்சொல் அமைத்துக்கொண்டார்கள். அதுதான் வினையானது. ஒரு நீள வாக்கியத்தை அவர்கள் கை ஒரே வீச்சில் சொல்லிவிடும். முதுகு அதைக் கவனித்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு ரெண்டு தடவை கை ஆட்டுது, இந்தம்மா ரெண்டு நிமிஷம் பேசறாங்க. பாதி பதில் இவங்களோடதா இருக்கும்" என்று ஆசிரியர்கள் அறையில் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. இறுதி வாய்மொழித் தேர்வில் பதில் மாணவியுடையது என்று உறுதியாகாவிட்டால் 'சந்தேகம்' என்று எழுதுவேன் என்றும் தெரிவித்துவிட்டார். எழுதினால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.  அடுத்தவர் மூளையை வைத்துப் படித்தவள் என்ற பேச்சு, பட்டம் தள்ளிப்போவதைவிடப் பின்னலுக்கு அதிகமாக எரிந்தது.

வாய்மொழித் தேர்வு என்று பெயர் வைத்தவர் இப்படி ஒருத்தி வருவாள் என்று நினைத்திருக்க மாட்டார். அறைக்கதவில் ஒரு கண்ணாடி. அதன் வழியே கூட்டாளிகள் முட்டி மோதிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். காது கேட்பவர்களுக்குத்தான் அது மூடிய கதவு. இவர்களுக்கு உள்ளே நடக்கும் பேச்சு முழுக்கத் தெரியும். கூட்டத்துக்கு முன்னால், மகளுக்காகக் கைப்பேச்சு கற்றுக்கொண்ட பின்னலின் அம்மா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வேலைச் சட்டையோடு வந்து நின்றாள்.

உள்ளே முதுகு ஒருபுறம். மறுபுறம் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பாலம் கட்டுகிற அம்மாள். பின்னலுக்கு எதிரே, தேர்வாளர்களுக்கு நடுவில் கடிகாரம்.

பின்னல் ஆய்வுக்கு எடுத்தது நூலகத்துக்குப் பின்னால் மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரை. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டு வந்தது.

"சுவர் ஏன் சாயுதுன்னு அவளைக் கேளுங்க" என்றார் முதுகு, கடிகாரத்தைப் பார்த்து.

'அவளைக் கேளுங்க' என்பதையும் சேர்த்தே கடிகாரம் கையால் சொன்னார். பின்னலின் கைகள் ஓடின. கடிகாரத்தின் வாய் பின்னாலேயே ஓடியது. "சுவர்ல தண்ணி வடியறதுக்குத் துளை விட்டிருந்தாங்க சார். வெள்ளையடிக்க வந்தவங்க அசிங்கமா இருக்குன்னு பூசி அடைச்சிட்டாங்க. மழைத்தண்ணி போக இடமில்லாம பின்னாலயே தேங்குது. முன்ன மண்ணு மட்டும் தள்ளுச்சு. இப்ப தண்ணியும் சேர்ந்து தள்ளுது."

பாலக்கார அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகு அசையவில்லை. "பதில் சரி. யாரோட பதில்னுதான் எனக்குத் தெரியல." பேனாவைத் திறந்து மேசைமேல் வைத்தார். "கடைசியா ஒரு கேள்வி. படம் போட்டே கேக்கறேன்."

எழுந்தார். திரும்பினார். கரும்பலகையில் சுவரை வரைந்துகொண்டே பேச ஆரம்பித்தார்.

பின்னலுக்கு அடக்கிவைத்த மூன்று வருஷமும் பொங்கியது. கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கு வந்தபடி கொட்டிவிட்டாள். கொட்டி முடித்த பிறகுதான் முதல் நாள் கடிகாரம் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடிகாரத்தின் காதுமடல் சிவந்தது. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, ரயில் நிலைய அறிவிப்புப் போல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்: "பாருங்கக்கா, பரீட்சையிலயும் முதுகு தன் முதுகையே காட்டறாரு. மூணு வருஷமா இதையே பார்த்தாச்சு. ரோட்டுல எதிர்ல வந்தா மூஞ்சி அடையாளம் தெரியாது."

சுண்ணாம்புக்கட்டி நின்றது. முதுகு மெல்லத் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. "முதுகுன்னா யாரு?"

பொய் சொல்ல நேரமிருந்தது. பின்னல் சொல்லவில்லை. "நீங்கதான் சார்" என்றது அவள் கை. கடிகாரத்தின் குரல் அதையும் சொன்னது.

பாலக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து ஓய்ந்தபின் சொன்னார். "சார், உங்க சந்தேகம் இத்தோட தீர்ந்திருக்கணுமே. இந்தம்மாவுக்கு உதவி பண்ற எண்ணம் இருந்தா, முதல்ல இதைத்தானே முழுங்கியிருப்பாங்க? பரீட்சையில தோத்துடுவான்னு தெரிஞ்சும் ஒரு சொல்லு குறைக்காம சொல்றவங்க, ஜெயிக்க வைக்க ஒரு சொல்லு கூட்டுவாங்களா?"

 முதுகு கணக்குப் போடுகிற மனிதர். கணக்கு சரியாக இருந்தது. சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்து, கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே, பின்னலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"மூணு வருஷமா நான் நடத்தினது உங்களுக்குப் புரியவே இல்லையா?"

'அவள்' போய் 'உங்களுக்கு' வந்துவிட்டது. பின்னல் நிதானமாகக் கையை எடுத்தாள்.

"அக்கா கையில புரிஞ்சுது சார். ஆனா நீங்க படம் போட்டுக்கிட்டே பேசுவீங்க. அக்காவைப் பார்த்தா படம் போயிடும், படத்தைப் பார்த்தா பேச்சு போயிடும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பார்க்க எனக்குக் கண்ணு பத்தல. அதனால சுவர்ப் பாடத்தைச் சுவருகிட்டயே போய்ப் படிச்சேன். மழையில குடை பிடிச்சுக்கிட்டு, எங்க ஈரம் ஏறுதுன்னு பார்த்தேன்."

 முதுகு அடுத்த கேள்விக்கு வந்தார். "சரி. சுவரை இன்னும் தடிமனா கட்டினா நிக்காதா?"

"கொஞ்ச நாள் நிக்கும் சார். அடைச்சுவச்சா தள்ளத்தான் செய்யும். துளையைத் திறந்தா போதும், இருக்கிற சுவரே நிக்கும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். 'சந்தேகம்' என்று எழுதப்போவதில்லை என்பது அதிலேயே தெரிந்தது. "நீங்க பாஸ். உங்க பதில்லதான் பாஸ்" என்றார். கடிகாரத்தின் விரல்கள் அதையும் அப்படியே சொல்லின, ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. பின்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை, நன்றி சொல்வதில் இருந்தது.

"அந்தப் பேரைக் கையில எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டார் முதுகு.

பின்னல் அசடு வழியக் கட்டைவிரலைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள்.

"மாத்த முடியுமா?"

"முடியாது சார். நானே இன்னும் பின்னல்தான்."

அவர் எழுந்து கதவுக் கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றார். வெளியே இருந்த கூட்டம் அப்படியே உறைந்தது. கட்டைவிரலால் தன் தோளுக்குப் பின்னே இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு பின்னல் பக்கம் கையைக் காட்டி, தனக்குத் தெரிந்த கைப்பேச்சில் கட்டைவிரலை உயர்த்தினார்.

அடுத்த கணம் கண்ணாடி முழுக்கக் காற்றில் ஆடும் கைகள். கையால் பேசுகிறவர்கள் கைதட்டுவது அப்படித்தான். அம்மா மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.