போர்வை கட்டிய ஜன்னல்

மகனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, மார்பைச் சுற்றி அளவு நாடாவைக் கொண்டுவந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள் அவள். சொந்தப் பிள்ளை மட்டும் பள்ளி திறந்த நாளிலிருந்து பழைய சட்டையையே இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு போய்வருகிறான். இன்றாவது அளவெடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தால், நாடாவுக்குக் கீழே சில சிவப்புப் புள்ளிகள். அவற்றில் ஒன்றின் நுனியில் நீர் கோத்திருந்தது.

"எறும்பு கடிச்சிருச்சும்மா" என்றான் அவன்.

வீட்டில் அவன் பெயரே எறும்புதான். ஓர் இடத்தில் நிற்க மாட்டான், சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்தால் விட மாட்டான். "எறும்பையே எறும்பு கடிக்குமாடா?" என்று சிரித்தபடி அவனைத் திருப்பினாள். முதுகிலும் இருந்தது, காதுக்குப் பின்னாலும் இருந்தது. நெற்றியில் கை வைத்தால் கொதிக்கிறது. நேற்றெல்லாம் சோறு வேண்டாம் என்று சுருண்டு கிடந்தவனை, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நாடகம் ஆடுகிறாயா என்று அதட்டியிருந்தாள். பாவி, பிள்ளைக்கு நிஜமாகவே முடியவில்லை.

ஆனாலும் பெரிதாகப் பயம் ஒன்றும் வரவில்லை. பிள்ளையென்று பெற்றால் இதெல்லாம் வரத்தான் செய்யும். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் கைக்கரியைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தான். மேடிட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பின்னால் வந்தான்.

டாக்டரம்மா மகனின் பனியனைத் தூக்கிப் பார்த்த உடனேயே தலையாட்டினாள். "சின்னம்மைதான். பாருங்க, இது இப்பத்தான் சிவந்திருக்கு. இதுல நீர் கோத்திருக்கு. இந்தா, இது காயவே ஆரம்பிச்சிருச்சு. எல்லாம் ஒரே நேரத்துல இருக்கும், அதான் இதோட அடையாளம். சொரிய விடாதீங்க, நகத்தை ஒட்ட வெட்டிடுங்க. பையனுக்குச் சரியாயிடும்." அப்புறம் டாக்டரம்மாவின் பார்வை இவள் வயிற்றுப் பக்கம் இறங்கியது. "உங்களுக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?"

"ஐயோ, வராமலா! நானும் எங்க அண்ணனும் சேர்ந்தே படுத்துக் கிடந்தோம்" என்றாள் அவள், கேட்கும் முன்பே டிக்கெட்டை எடுத்து நீட்டுகிற பயணியைப் போல.

"எப்படி இருந்துச்சு, சொல்லுங்க?"

கேட்கவா வேண்டும்? அவளுக்குப் பிடித்த கதையே அதுதான். கல்யாணமான புதிதில் கணவனிடம் முதலில் சொன்னதும் அதைத்தான். ஒரே அறை, ஒரே பாய். வெளிச்சமே ஆகாது என்று அம்மா இருந்த ஒரே கம்பளிப் போர்வையை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிவிட்டாள். போர்வையில் எங்கோ ஒரு பொத்தல். அதன் வழியே வரும் வெயில் எதிர்ச்சுவரில் காசளவு விழும். அது மெல்ல நகர்ந்து அலமாரியைத் தொட்டால் அம்மா கஞ்சியோடு வருவாள் என்று அர்த்தம். வேலை வேலை என்று எப்போதும் ஓடிக்கொண்டிருந்த அம்மா அந்த நாட்களில் மட்டும் ஓடவில்லை. இருட்டில் இருவருக்கும் நடுவே படுத்துக்கொண்டு, வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்வாள். ராஜா செத்துப் போனதை மறந்துவிட்டு, அடுத்த நாள் அதே ராஜாவை வேட்டைக்கு அனுப்புவாள். "செத்தவன் எப்படிம்மா போவான்?" என்று அண்ணன் கேட்டால், "உடம்பு சரியாயிடுச்சுடா" என்பாள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்தால் இருமல் வரும், இருமினால் இன்னும் சிரிப்பு வரும். இதைவிடச் சந்தோஷமாகத் தன் வாழ்க்கையில் எப்போது இருந்தோம் என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது.

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தால், டாக்டரம்மா பேனாவை மூடி வைத்திருந்தாள்.

"வெளிச்சம் பட்டா கண்ணு கூசுச்சா?"

"ஆமா, கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு."

"நல்ல இருமலா? புள்ளி எப்படி, நீர் கோத்துச்சா?"

"நீரா?" யோசித்தாள். "இல்லையே. முகத்துல ஆரம்பிச்சுப் படை படையா இறங்கிச்சுன்னு அம்மா சொல்லுவாங்க."

"அது தட்டம்மைங்க. இது வேற. அது வந்திருந்தா இது வராதுன்னு கிடையாது."

"எங்க வீட்ல எது வந்தாலும் 'அம்மை போட்டிருக்கு'ன்னுதான் சொல்லுவாங்க டாக்டரம்மா."

"எல்லார் வீட்லயும் அப்படித்தான். அதுக்கப்புறம் எப்பவாவது இது வந்துச்சா? இல்லேன்னா உங்களுக்கும் ஆபத்து, வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் ஆபத்து. விசாரிக்க வீட்ல பெரியவங்க இருக்காங்களா?"

அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மிச்சம் இருப்பது அண்ணன் ஒருவன்தான். லாரி ஓட்டுகிறவன், எந்தச் சாலையில் இருக்கிறானோ. வெளியே வந்து படியில் உட்கார்ந்து போன் போட்டாள். நல்லவேளை, எங்கோ டீ குடிக்க நிறுத்தியிருந்தான்.

"அண்ணா, நமக்குச் சின்ன வயசுல சின்னம்மை வந்துச்சா? கொப்புளம் கொப்புளமா?"

"எனக்கு வந்துச்சு. மகாராணி, உனக்கெங்க வந்துச்சு? நீதான் சித்தி வீட்ல ஜாலியா இருந்தியே!"

"எப்போ?"

"எப்போவா? டயர்ல ஊஞ்சல் கட்டித் தந்தாங்கன்னு வந்து ஒரு மாசம் பீத்திக்கிட்டியே, அப்பதான்."

அந்த ஊஞ்சலை அவள் எப்படி மறப்பாள்! பொழுது விடியும் முன்னே அம்மா அவளை எழுப்பி, அண்ணன் படுத்திருந்த பக்கம் எட்டிப் பார்க்கக்கூட விடாமல், பையோடு இழுத்துக்கொண்டு போய்ச் சித்தி வீட்டில் விட்டாள். அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அவனுக்குப் பரீட்சை என்றாள். ஊஞ்சலும், சித்தி பெண்களோடு போட்ட ஆட்டமுமாக ஒரே கொண்டாட்டம். அது லீவு என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சையாவது ஒண்ணாவது" என்றான் அண்ணன். "உனக்கு ஒட்டிக்கும்னு உன்னைக் கடத்திட்டுப் போயிட்டாங்க. நான் சொரியாம இருக்க ரெண்டு கையிலயும் சாக்ஸை மாட்டிவிட்டாங்க. உன் மேல எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? முதல் தடவை மாதிரி நீயும் கூடப் படுத்துக் கிடப்பேன்னு பாத்தேன்." கடகடவென்று சிரித்தான். அப்புறம் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஏய், ஏன் கேக்கற? பையனுக்கா? நீ மாசமா இருக்கியேம்மா..."

"அப்புறம் பேசறேண்ணா" என்று போனை வைத்தாள். முதலில் அம்மா மேல் கோபம்தான் வந்தது. அன்றைக்கே அண்ணனோடு படுக்கவிட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கவலை உண்டா? அடுத்த மூச்சிலேயே, இருட்டோடு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்த அம்மாவின் அவசரம் ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளையை வீட்டில் காய்ச்சலில் போட்டுவிட்டு இன்னொன்றைக் காப்பாற்றத்தானே அந்த ஓட்டம் ஓடினாள்! படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மருந்துச் சீட்டோடு வந்த கணவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணன் சொன்னதைக் கேட்டு அவளிடம் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். நாளைக்குத் தெரிந்துவிடும், எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் அதற்கு ஊசி இருக்கிறது, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. "ஏற்கெனவே ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம். இனிமே பையன் பக்கத்துல போகாதீங்க. அவங்கப்பா பாத்துக்கட்டும்." கணவனுக்கு ஏழு வயதில் முகமெல்லாம் கொப்புளம் வந்தது என்பதற்குக் கன்னத்தில் இருந்த குழிகளே சாட்சி.

சாயங்காலம் வீட்டுக் கதவு ஒன்று அவளுக்கும் மகனுக்கும் நடுவே சாத்திக்கொண்டது. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு தையலும் ஓடவில்லை. காது முழுக்க உள்ளே இருந்தது.

"மருந்தைத் தேய்க்காதீங்க, ஒத்தி ஒத்தி வைங்க" என்று இங்கிருந்தே கத்தினாள். "உங்க கை உப்புத்தாள் மாதிரி இருக்கும், பிள்ளைக்கு எரியும்."

"தெரியும்டி. எனக்கு வேற வேலை இல்லையா, கதவுக்கு வெளியில இருந்து அதிகாரம்" என்றான் அவன்.

கொஞ்ச நேரம் முனகல் கேட்டது. பிறகு அவன் ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கதை சொல்லத் தெரியாத மனுஷன்! ஒரு பஸ்ஸாம், அதற்கு உடம்பெல்லாம் கொப்புளமாம், ஹாரன் அடித்தால் தும்முமாம். எறும்பு சிரித்தான். காய்ச்சலோடு, மூச்சு வாங்க, விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. நாளை இவன் வளர்ந்து யாரிடமோ இந்தக் கதையைச் சொல்வான். அதில் அப்பா இருப்பார், தும்முகிற பஸ் இருக்கும். அம்மா எங்கே இருந்தாள் என்று யாராவது கேட்டால் யோசிப்பான்.

"அம்மா!"

குரல் கீழேயிருந்து, கதவுக்கு மிக அருகில் கேட்டது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து, மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒரு சின்ன விரல் நீண்டிருந்தது. ஒட்ட வெட்டிய நகம். அதற்குச் சற்று மேலே புதிதாகச் சிவந்த ஒரு புள்ளி.

"விரல்லயும் வந்திருச்சும்மா. தெரியுதா?"

"தெரியுது கண்ணு."

"தொட்டுப் பாரேன்."

அவள் கை தானாக முன்னால் போனது. பாதியில் நின்றது. வயிற்றுக்குள் ஒரு புரளல், உள்ளேயிருந்து யாரோ முழங்கையால் இடித்தது போல. கதவுக்குக் கீழே அந்த விரல் மடங்கி, நிமிர்ந்து, மறுபடி மடங்கிக் காத்துக்கொண்டிருந்தது.