கறுப்பாக்கி வைத்தது

மார்ச் பதினான்காம் தேதி காலை, நகர மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், மொழிபெயர்ப்பகம் நடத்திவந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் இறந்தார்.

சில நாள் கழித்து அவளுடைய கணவர், தங்கைக்கு அத்தான், அவளுடைய மடிக்கணினியைத் துணிப்பையில் கொண்டுவந்து, மொழிபெயர்ப்பகத்தில் தங்கையின் மேசைமேல் வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலயும் உங்க அக்கா இதைக் கட்டிக்கிட்டுத்தான் கிடந்தா. அங்க நெட்டு கிடையாது. ஏற்கெனவே வந்து இறங்கின மெயிலை வச்சே வேலை பார்த்தா. அந்தக் கம்பெனி ஒப்பந்தத்தை முடிச்சுட்டேன்னு சொன்னா. இதுலதான் இருக்கும், எடுத்து அனுப்பிடு."

மூடியைத் திறக்கப்போன அவர் கையைத் தங்கை சட்டென்று பிடித்தாள்.

சகோதரிகள் இருவருக்கும் பொதுவாக ஒரே மின்னஞ்சல் பெட்டி. அக்காவின் மடிக்கணினி, தங்கையின் மேசைக் கணினி, வாசல் அறையில் இன்னொன்று. இணையம் இருந்தால் ஒன்றில் செய்தது மற்ற இரண்டிலும் தெரியும். படிக்காத அஞ்சல் தடித்த கறுப்பு எழுத்தில் நிற்கும். படித்தால் எழுத்து மெலியும். தங்கை கவனிக்கவேண்டியது எதுவானாலும், அக்கா அதைப் படித்துவிட்டு, 'சின்னது' என்ற ஃபோல்டரில் போட்டு, மறுபடி கறுப்பாக்கிவிடுவாள். வாய்ப்பேச்சே கிடையாது. கறுப்பு என்றால் இனி உன் பாடு.

"எதிரெதிர்ல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் கறுப்படிச்சு விளையாடுறீங்க" என்று அத்தான் கேலி செய்வார்.

அக்காவை மருத்துவமனையில் சேர்த்த அன்று காலை, தங்கை தன் சொந்த முகவரியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஓர் அஞ்சல் எழுதியிருந்தாள். முந்தின நாள் வாடிக்கையாளர் முன்னாலேயே அக்கா அவள் மொழிபெயர்ப்பைத் திருத்தி, "சின்னதுக்கு எப்பவும் அவசரம்" என்று சிரித்திருந்தாள். அந்தக் கோபம். 'இனி உன்னோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய முடியாது. வாசல் பலகையில் சகோதரிகள் என்று இருப்பதை அழித்துவிடு.'

மாலையில் அக்காவை மருத்துவமனையில் சேர்த்த செய்தி வந்ததும் பதறிப்போய், தன் கணினியிலிருந்தே அதை அழித்தாள். அதற்குள் அக்காவின் மடிக்கணினிக்குள் அது இறங்கிவிட்டதா, தெரியாது. போய்ப் பார்த்தபோதெல்லாம் அக்கா ஊசியைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் பேசினாளே தவிர, அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. தங்கைக்கும் கேட்க வாய் எழவில்லை.

பக்கத்துத் தெருக் கம்ப்யூட்டர்காரரை வரச்சொன்னாள்.

"இங்க திறந்தா வைஃபையை அதுவாவே பிடிச்சுக்கும் மேடம். பிடிச்சதும் சர்வரோட ஒத்துப்பார்க்கும். நீங்க அங்க அழிச்சது இதுலயும் போயிடும். புகுந்த வீட்டுக்கு வந்த மருமக மாதிரி, அந்த வீட்டு வழக்கத்துக்கு மாறிடும்."

"போறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருந்துச்சுன்னு பார்க்க முடியுமா?"

"வைஃபையை அணைச்சுட்டுத் திறந்தா, அவங்க விட்டது விட்டபடி இருக்கும்."

அணைக்காமல் விட்டால் அது இருந்த தடமே இல்லாமல் போய்விடும். அக்கா பார்க்கவே இல்லை என்று ஆயுசுக்கும் நம்பிக்கொள்ளலாம். தங்கை மடிக்கணினியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அணைச்சுடுங்க."

மடிக்கணினி விழித்தது. ஒப்பந்தம் முடிந்து தயாராக இருந்தது. உள்பெட்டியில் அவளுடைய அஞ்சல் இல்லை. அப்பாடா என்று விட்ட மூச்சு பாதியில் நின்றது. 'சின்னது' ஃபோல்டரில் ஒரே ஒரு வரி, கறுப்பாக.

அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "நீ அனுப்பினதா? கறுப்பா இருக்கே. பாவம், படிக்காமலே போயிட்டாளா?"

"இல்ல அத்தான். படிச்சுட்டா. மெயிலுக்குக் கால் முளைச்சா இங்க வந்துச்சு? அவதான் எடுத்துப் போட்டிருக்கா."

"என்னன்னு எழுதியிருந்தே?"

"பலகையில சகோதரிகள்ங்கறதை அழிச்சுடுன்னு."

அவர் நிமிர்ந்தார். "கோபப்பட்டிருப்பாளோ?" என்றார்.

"தெரியலை. அழிக்கறதா இருந்தா நீயே அழி, இனி உன் பாடுன்னு எங்கிட்ட விட்டுட்டா."

கம்ப்யூட்டர்காரர் தொண்டையைக் கனைத்தார். "இதைத் தனியா எடுத்து வச்சுக்கவா மேடம்?"

"வேண்டாம். ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வைஃபையைப் போடுங்க."

போட்டார். கறுப்பு வரி மறைந்தது. மூன்று கணினிகளிலும் 'சின்னது' காலியாக இருந்தது.

ஒப்பந்தம் அன்று மாலை கம்பெனிக்குப் போனது. வாசல் பலகையில் இப்போதும் 'சகோதரிகள் மொழிபெயர்ப்பகம்' என்றே இருக்கிறது.